முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

1972-இல் வந்த பஜாஜ் சேட்டக், 145 சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி. நான்கு கியர், பத்து அங்குலச் சக்கரம், இரும்புத் தகட்டு உடம்பு. செயின் கிடையாது, பின்சக்கரம் கியர்பாக்ஸ் தண்டிலேயே நேராக மாட்டியிருக்கும். பழைய சேட்டக்கை எடுத்துத் தேற்ற வருபவர்கள் பெரும்பாலும் பிக்கப்பைக் கேட்கிறார்கள். நான் முதலில் கை வைப்பது பிரேக்கில்.

டிரம்மைத் திறந்து, பளபளப்பேறிய ஷூவை மாற்ற வேண்டும். கேம் இறுகியிருந்தால் கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும். கேபிளைப் புதிதாகப் போடுவதே நல்லது. டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பழைய டயரென்றால் பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் காய்ந்திருக்கும். சேட்டக்கின் ரிம் இரண்டு பாதிகளால் ஆனது. காற்றை முழுக்க இறக்காமல் பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளைத் தொடவே கூடாது.

அடுத்தது வெளிச்சம். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் அதில் பாதி போதும். பழைய ஒயரில் வீணாகும் மின்சாரம் அதற்கேற்பக் குறையும். 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறும்போது காயில் பிளேட், ரெகுலேட்டர், பல்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அப்போதே பாயிண்ட், கண்டன்சரை எடுத்துவிட்டு சி.டி.ஐ. வைத்துவிடலாம். பாயிண்ட் தேயத் தேய டைமிங் நகரும், சி.டி.ஐ.யில் தேய்வதற்கு எதுவும் இல்லை.

என்ஜினுக்குக் கடைசியில்தான் வருகிறேன். சைலன்சரில் அடைந்த கரியை நீக்கினாலே பாதி வண்டிகளுக்கு இழந்த இழுவை திரும்பிவிடும். அதற்கு மேலும் வேண்டுமென்று காற்று தாராளமாகப் போகும் சைலன்சரை மாட்டினால் மெயின் ஜெட்டையும் பெரிதாக்கியாக வேண்டும். ஜெட் சரியா என்பதைப் பிளக்கிடம் கேட்கலாம். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்கட் நிறம் நல்லது. கரி படிந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. சூடேறிப் பிஸ்டன் ஜாம் ஆகும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்கிறேன். இரண்டைச் சேர்த்துச் செய்தால் பிளக் காட்டும் நிறம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. போர் பெரிதாக்கி சி.சி.யைக் கூட்டுவதை நான் செய்வதில்லை. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

தேற்றிய வண்டியைச் சோதிக்கச் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதை நல்ல இடம். 20 கொண்டை ஊசி வளைவுகள். என்ஜின் வலப்பக்கம் இருப்பதால் வலம் சாயும்போது ஒரு கனமும் இடம் சாயும்போது வேறு கனமும் கையில் தெரியும். ஏறுவதைவிட இறங்குவதற்கே கவனம் அதிகம் தேவை. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில், பெட்ரோலோடு கலந்தே பிஸ்டனுக்குப் போகிறது. கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மூடியபடி நெடுந்தூரம் இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுழலும், ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைச் சற்றே திருகிவிட வேண்டும். அந்தச் சில நொடிகள் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். அதனால்தான் வேலையை அங்கிருந்து தொடங்குகிறேன்.