மகரக்கட்டும் ஒரு ஆர்மோனியமும்



சுகர், பிரஷர் பற்றியே எழுதிக்கிட்டிருக்கேன். இன்று நம்ம பக்கத்து ஊர்த் தொண்டை ஒன்றைப் பற்றி.

போடியிலிருந்து தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். அங்கே 1943இல் பிறந்த ராசய்யாதான் இளையராஜா. அவருக்கு முதல் வாத்தியார் அண்ணன் பாவலர் வரதராஜன். பள்ளிக்கூடம் எது தெரியுமா?

கம்யூனிஸ்ட் கட்சி மேடை.

1958, தேவிகுளம் இடைத்தேர்தல். போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களைக் கடந்தால் வருகிற தொகுதி. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். கேரளத்தில் இ.எம்.எஸ். அரசுக்கோ நூலிழைப் பெரும்பான்மை. ரோசம்மா புன்னூஸ் 1957இல் ஜெயித்தது செல்லாதுன்னு ஆகி, மறுபடி நிற்கிறார். பாவலர் மலையேறிப் பாடுகிறார். ஜனங்க வாயில் ஏற்கெனவே இருக்கிற சினிமா மெட்டு, அதுக்குள்ளே கட்சிச் சேதி. கூடவே தம்பி.

ரோசம்மா ஜெயித்தார். அதில் பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை இளையராஜாவே சொல்லியிருக்கார்.

அண்ணன் குழுவில் தம்பிக்கு என்ன வேலை? பெண்குரலில் பாடுவது!

இங்கேதான் மருத்துவம் வருது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் கூடும்போது குரல்வளை வளரும், குரல் நாண்கள் நீளும், தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிடும். நடுவில் சில மாதம் கீச்சும் கரகரப்பும் மாறி மாறி வரும். இதைத்தான் நம்மாளுங்க ‘மகரக்கட்டு’ன்னு சொல்றாங்க. இது நோய் இல்லை. இதுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். பாடுற பையனை அந்தச் சில மாதம் உச்சஸ்தாயியில் கத்த வைக்காதீங்க, அவ்வளவுதான்.

ராசய்யாவுக்கும் குரல் உடைஞ்சது. பெண்குரல் போச்சு. கை ஆர்மோனியத்துக்குப் போச்சு.

மற்றது உங்களுக்குத் தெரிந்த கதை. 1968இல் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976இல் ‘அன்னக்கிளி’. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் சிம்பொனி.

பாக் பற்றி எழுதுறவங்க நிறைய. எனக்கென்னவோ, நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிக் களைச்சு வந்து நிற்கிறவங்களை முதல் வரியிலேயே பிடிச்சு நிறுத்தணும் என்கிற பாடத்தை அவர் மலையில்தான் படிச்சிருக்கணும். அந்தக் கூட்டத்துக்குப் பொறுமை கிடையாது (என் ஓபி வரிசை மாதிரியே). பாட்டு பிடிக்கலைன்னா நடையைக் கட்டிடும்.

பாவலர் ‘அன்னக்கிளி’யைப் பார்க்கலை. அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். தம்பிகள் தங்கள் படக் கம்பெனிக்கு ‘பாவலர் கிரியேஷன்ஸ்’னு பேர் வச்சாங்க. 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ அவங்க படம்தான்.

உங்க வீட்டில் எண்பது தாண்டின தாத்தா, அப்பத்தா யாராவது அந்தக் காலத்தில் தேவிகுளம், மூணாறு தோட்டங்களில் இருந்தவங்களா? பாவலர் பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. சினிமா மெட்டு எங்கேயும் போகாது. அவர் போட்ட வார்த்தைகள் அந்தக் காதுகளில்தான் இருக்கு. போனில் பதிவு பண்ணி வையுங்க, இந்த வாரமே.


பொது மருத்துவர்,
போடிநாயக்கனூர்