எம் பாட்டனாரின் மடக்குக்கத்தி

மடக்கு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் உள்ளத்தில் முதற்கண் எழுவது, தண்டியலங்காரத்துச் சொல்லணியியலில் நின்று, தேர்வுக்கு முந்திய இரவில் எம்மனோரை உறங்கவொட்டாது செய்யும் மடக்கணியே யாகும். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அம்மடக்கன்று. சட்டைப்பையில் அடங்கும் மடக்குக்கத்தியின் மடக்கு. பிரித்தல் எளிது, பிரித்ததை மீளக் கூட்டுதல் அரிது என்னும் ஒன்றில் மட்டும் இரண்டும் உறவுடையன போலும்.

மடக்குக்கத்தி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆஸ்திரியா நாட்டு ஹால்ஷ்டாட் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புப் பிடியுள்ள கத்தியொன்று ஏறக்குறைய 2,500 ஆண்டுப் பழமையுடையது என்பர். பழைய கத்திகளில் அலகையும் பிடியையும் ஓராணியாற் கோத்து, அவ்வாணியின் இருதலையையும் தட்டிப் பரப்பிவிடுவர். அவற்றைக் கழற்ற நினைப்பது வீண்முயற்சி. இக்காலத்துக் கத்திகள் பலவற்றிலோ ஆணிக்குப் பதிலாகத் திருகாணி உள்ளது. ஆதலின் உடையவனே பிரிக்கலாம், துடைக்கலாம், பூட்டலாம். இவ்வுரிமை நன்மையோ தீமையோ என்பது பூட்டிய பின்னரே விளங்கும்.

எம் பாட்டனார் நாற்பதாண்டுக் காலம் தச்சுத்தொழில் செய்தவர். 2022-ஆம் ஆண்டில் பக்கவாதம் கண்டு வலக்கை வலியிழந்தது. அதன்பின் தமக்குரிய பழத்தைப் பிறர் நறுக்கித் தருவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. அக்காலை ஷார்ஜாவிலிருந்த எம் மாமா விடுமுறையில் வந்தபோது ஒரு மடக்குக்கத்தி கொணர்ந்து கொடுத்தார். அலகின் பக்கத்தே சிறு குமிழொன்று இருக்கும்; அதனைக் கட்டைவிரலால் தள்ளினால் ஒரு கையாலேயே கத்தி விரியும். விரிந்தவுடன் பிடியின் உட்தகடொன்று வில்போல் வளைந்து வந்து அலகின் அடியில் முட்டி நின்று, அலகு மடங்காமற் காக்கும். இவ்வகைப் பூட்டினை 1980-களின் தொடக்கத்தில் இன்றைய வடிவிற்குச் செப்பஞ் செய்தவர் மைக்கேல் வாக்கர் என்னும் அமெரிக்கக் கத்தி வினைஞர். அத்தகடு ஒரு மயிரிழை வழுவினாலும் அலகு மடங்கி விழுவது பிடித்த விரல்களின்மீதே. இருகையும் உடையார்க்கே அஃது அச்சந்தருவது. ஒருகையே உடையார்க்கு எத்தகையது என்பதை யாம் விரிக்க வேண்டுவதில்லை.

சென்ற ஆனியில் யாம் விடுமுறைக்கு ஊர் சென்றபோது அக்கத்தி பாதி விரிந்து நின்றுவிடுவதாயிற்று. காரணம் பலா. எம்மூரார் சக்கை என வழங்கும் அப்பழத்தின் பால் கத்தியின் மூட்டுக்குள் இறங்கி இறுகிக் கிடந்தது. இப்பால் நீரிற் கரையாது; தேங்காயெண்ணெய்க்கே இளகும் என்பது எம் பாட்டியாரின் அடுக்களை அறிவு. எனினும் மூட்டுக்குள் விரலோ துணியோ புகாது. பிரித்தே ஆகவேண்டும்.

திருகாணிகளின் தலையில் ஆறுமுனை விண்மீன் வடிவிற் குழி வெட்டியிருந்தது. இதனை டார்க்ஸ் என்பர். சாதாரணத் திருப்புளி இதற்குப் பயன்படாது, குழியைச் சிதைத்துவிடும். கைப்பேசி பழுது பார்க்கும் நண்பரொருவரிடம் டி-6, டி-8 என்னும் இரு திருப்புளிகளை இரவல் பெற்றோம். ஒவ்வொரு படியையும் கைப்பேசியிற் படமெடுத்துக்கொண்டு, கழற்றிய உறுப்புக்களைக் கழற்றிய முறையிலேயே வெள்ளைத் துணியில் வரிசையாகக் கிடத்தினோம். வெண்கல வளையத் தகடு இரண்டு, அச்சுக்குழல் ஒன்று, தடையாணி ஒன்று, திருகாணிகள் எட்டு, இவற்றோடு அலகும் பிடியும். அலகு என்பது பறவையின் மூக்கிற்கும் பெயர். துணிமேல் தனித்துக் கிடந்த அதனைக் கண்டபோது அப்பெயரிட்ட முன்னோரின் கண்ணை வியந்தோம்.

எண்ணெயால் பாலை இளக்கியபின், அவ்வெண்ணெயையும் சோப்பு நீரால் முற்றக் கழுவினோம். துருவேறா எஃகு என்னும் பெயரை நம்பி ஈரத்தோடு விடலாகாது. 10.5 விழுக்காட்டுக்குக் குறையாத குரோமியம் கலந்த எஃகிற்கே அப்பெயர் உரியதெனினும், ஈரமும் உப்பும் தங்குமிடத்தில் அதுவும் துருவேறும். எம்மூர்க் காற்றில் உப்பிற்குக் குறைவில்லை.

இனிக் கூட்டுதல். பூட்டுத் தகடுள்ள பக்கத்தைக் கீழே கிடத்தி, அச்சுக்குழலை அதற்குரிய துளையில் இறக்கினோம். குழலின் ஒருபுறம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், துளையும் அவ்வாறே. இரண்டும் பொருந்தியிருந்தாலன்றித் திருகாணி திருகுமிடத்துக் குழலும் கூடவே சுற்றும். பின்னர் ஒரு வளையத் தகடு, அலகு, மற்றொரு வளையத் தகடு, மேற்பிடி என முறையே அமைத்தோம். அலகை விரித்த நிலையில் வைத்துக் கூட்டுவதே விரல்களுக்கு நல்லது. தகடுகளுக்கு ஒரு துளித் தையல் இயந்திர எண்ணெய் போதும். அலகும் பூட்டுத் தகடும் முட்டுமிடத்தில் மட்டும் எண்ணெய் படலாகாது. அவ்விடம் வழுக்கினால் பூட்டு பூட்டன்று.

குமிழினை யாம் பழைய பக்கத்தில் வைக்கவில்லை. அக்கத்தி வலக்கையாளர்க்கென அமைந்தது. பாட்டனாரோ மூன்றாண்டுக்கு மேலாகக் கட்டைவிரலைச் சுற்றி வளைத்து அக்குமிழைத் தள்ளி வந்தவர். அலகின் துளை இருபுறமும் ஒத்திருந்தமையால் குமிழை மறுபக்கம் மாற்றி முடுக்கினோம். பூட்டுத் தகட்டை அவ்வாறு மாற்ற இயலாது. அதனை அவர் இடக்கைச் சுட்டுவிரலால் ஒதுக்கப் பழகியிருந்தமையின் கவலையில்லை.

கத்தியைக் கூட்டியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவார் பலர். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அச்சுத் திருகாணியை இறுக்கினால் அலகு அசையாது, ஆனால் விரியவும் விரியாது. தளர்த்தினால் எளிதில் விரியும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்து, ஆட்டம் முற்றும் நிற்கும்வரை இறுக்கிப் பின்னர்ச் சுற்றில் எட்டிலொரு பங்கு தளர்த்தினோம். மேலுங்கீழுமாக ஆடும் ஆட்டம் வேறு. அது பூட்டுத் தகட்டின் தேய்மானம் பற்றியது. அச்சை எவ்வளவு இறுக்கினும் தீராது. நல்வாய்ப்பாக அது இல்லை. மடக்கியபோது அலகு ஒருபக்கம் சாய்ந்து உட்தகட்டை உரசிற்று. பிடியின் திருகாணிகள் அனைத்தையும் சிறிது தளர்த்தி, பிடியை நேர்செய்து, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கவே அலகு நடுவில் அமைந்தது. விரல்கள் அலகின் வழியில் வாராதபடி பிடித்துக்கொண்டு, விரித்த அலகின் முதுகை மரப்பலகையில் மெல்லத் தட்டிப் பார்த்தோம். பூட்டு நின்றது.

பாட்டனார் திண்ணையில் இருந்தார். கத்தியை இடக்கையில் வாங்கி, ஒருமுறை விரித்து, கண்ணுக்கு நேரே தூக்கி, தச்சர் மரத்தின் கோட்டம் பார்ப்பதுபோல் நோக்கினார். மறுமுறை விரித்தார். "குமிழை மாத்தியிருக்கியா மக்களே?" என்றார். "ஆமா பாட்டா" என்றோம். வேறொன்றுங் கூறாமல் மூன்றாமுறை விரித்தார். பிறகு, "ரொம்பத் தொளதொளன்னு இருக்கு. எனக்குன்னு தளத்திக் குடுத்தியா? இறுக்கு" என்றார்.

எமக்கு ஆட்டம் தென்படவில்லை. எனினும் உளி பிடித்த கையோடு வழக்காடுதல் முறையன்று. அவர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, திருப்புளியை நூலளவு நூலளவாகத் திருப்பினோம். "போதும்" என்ற இடத்தில் நிறுத்தி, அந்நிலையை எழுதுகோலாற் குறித்துக்கொண்டோம்.

குறித்தது எதற்கெனின், நாட்பட விரித்து மடக்குவதால் திருகாணி தானே தளரும். அதனைத் தடுக்க நீலநிறப் பசையொன்று உளது. காற்றுப் படும்வரை நீராயிருந்து, காற்றில்லாத மரையிடுக்கில் உலோகத்தோடு சேர்ந்தவுடன் இறுகும் விந்தையுடையது. இதனை 1953-இல் ஆக்கியவர் வெர்னான் கிரீபிள். அவர் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியின் வேதியியற் பேராசிரியர். கல்லூரி மலர் படிப்பார்க்கு இச்செய்தி உவப்பளிக்கும் என்றே எழுதுகின்றோம். சிவப்புப் பசையும் விற்பர். அதனை இட்டுவிட்டால் கடுஞ்சூட்டில் வாட்டினாலன்றித் திருகாணி அசையாது. யாம் நீலத்தில் ஊசிமுனையளவு மரையில் மட்டும் தடவி, குறித்த இடத்திற்கே திருப்பி நிறுத்தினோம்.

முற்றும் இறுக ஒருநாள் வேண்டும் என்று சொல்லிக் கத்தியை அலமாரியின் மேல் வைத்தோம். மறுநாட் காலை யாம் எழுந்தபோது அலமாரியின் மேல் கத்தி இல்லை. திண்ணையில் ஒரு தட்டும், அதில் சிறிது கோணலாக நறுக்கிய மாம்பழத் துண்டுகளும் இருந்தன. அவற்றுட் பாதி எமக்கு என்று பாட்டியார் கூறினார்.