தாழிக்குள்ள டார்ச்

ரெண்டாவது படிக்கிற மக ஸ்கூல்லேர்ந்து எழும்பூர் மியூசியம் போயிட்டு வந்தா.

என்னடா பாத்தேன்னு கேட்டா, மொதல்ல பஸ்ல கிடைச்ச ஜன்னல் சீட்டு. அப்புறம் புளிசாதம். அப்புறம்தான் திமிங்கலம்.
"பாவம்மா, வெறும் எலும்போட நிக்குது."

கடைசியா ஆதிச்சநல்லூர் தாழி.
"அவ்ளோ பெரிய பானை! கல்யாண பிரியாணிக்கா?"

இல்லடா கண்ணு, செத்தவங்கள அதுல வச்சுப் புதைப்பாங்கன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.
"உள்ள இருட்டா இருக்குமே... டார்ச் குடுத்தாங்களா?"

சிரிச்சேன். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள மெய் சிலிர்த்துடுச்சு.
டார்ச் இல்லதான். ஆனா குடுத்து அனுப்பியிருக்காங்க!
நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி அலெக்சாண்டர் ரீங்கிற தொல்லியல் அறிஞர் ஆதிச்சநல்லூர்ல தோண்டினப்போ இரும்புக் கருவி, வெண்கலப் பாத்திரம், நெத்தியில கட்டுற தங்கப் பட்டம், நெல்லு உமி வரைக்கும் கிடைச்சிருக்கு.
போறவங்க வெறுங்கையோட போகக் கூடாதேங்கிற தவிப்பு. எம் பொண்ணுக்கும் அதே தவிப்பு.

1851ல ஆரம்பிச்ச பெரிய மியூசியம் அது. ஒரே நாள்ல எல்லாக் கூடத்தையும் வரிசையில கூட்டிட்டுப் போனா குழந்தை மனசுல என்ன தங்கும்? ஒரு தாழி முன்னாடி அரை மணி நேரம் உக்கார வைங்க, போதும். மிச்சத்த அவங்களே கேட்டுக்குவாங்க.

வர்ற ஞாயித்துக்கெழம நாங்க மறுபடி போறோம். அந்த ஒரு கூடத்துக்கு மட்டும்.

உங்க வீட்டுக் குட்டிங்க மியூசியத்துல எது முன்னாடி நகராம நின்னாங்க? என்ன கேட்டாங்க?