அன்று மைக் என் கையில் இருந்தது

2021 ஜூனில் கொல்லிமலையில் கொரோனா தடுப்பூசிக்கு ஆள் சேர்க்கும் வேலையில் நானும் இருந்தேன். ஓய்வு பெற்ற வாத்தியார் என்பதால் மலையில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை வைத்துக்கொண்டு நான் ஜனங்களின் வாயை அடைத்தேன்.

ஊர்க்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்தார். "வாத்தியாரே, விவேக் ஊசி போட்ட மறுநாளே விழுந்துட்டாரே, அது எப்படி?" நியாயமான கேள்வி. ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டதை டிவியில் ஊரே பார்த்தது. 17ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசி காரணமில்லை என்று டாக்டர்கள் சொன்னதை நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். மாறாக, "விவரம் தெரியாம வதந்தியைக் கிளப்பாதீங்க, உட்காருங்க" என்றேன். பெரியவர் தோள் துண்டை எடுத்து உதறி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஆண்கள் பக்கம் ஒருவரும் பேசவில்லை.

பெண்கள் பக்கமிருந்து ஓர் அம்மா மட்டும் கேட்டார்: "காய்ச்சல் வருங்களா? சாமை விதைக்கிற நேரம்." "ஒண்ணும் வராது" என்றேன். கோவிஷீல்டு போட்டுக்கொண்டு நானே காய்ச்சலில் படுத்துக் கிடந்தவன். மே மாதமே மத்திய அரசு ஒரு கணக்கு வெளியிட்டிருந்தது: கோவிஷீல்டு போட்டவர்களில் ரத்த உறைவு, ரத்தக் கசிவு என்று பதிவானது 10 லட்சம் டோசுக்கு 0.61. ஊசிக்குச் சாதகமான கணக்குதான். அதையும் மறைத்தேன். மலை ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எந்த மழைக்கு எந்தச் சாமை தாங்கும் என்று தலைமுறையாகக் கணக்குப் பார்த்து விதை எடுத்து வைப்பவர்களுக்கா பத்து லட்சத்தில் ஒன்று புரியாது?

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. விதைப்பு தள்ளிப்போனது. அடுத்த முறை போனபோது பாதி வீடுகளில் பூட்டு. எல்லோரும் மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஆத்திரத்தில், ஊசி போடாவிட்டால் ரேஷன் கிடைக்காது என்று மிரட்டினேன். சிலர் வந்து கையை நீட்டினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து ஊரில் நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து, "காய்ச்சல் வரும், ரெண்டு நாள் காட்டுக்குப் போகாதீங்க, ராத்திரி எதுனாலும் எனக்குப் போன் போடுங்க" என்று உள்ளதைச் சொன்னார். அங்கே ஜனங்கள் தாமாக வந்தார்கள்.

விவேக்கின் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று தேசிய ஆய்வுக் குழுவும் அக்டோபரில் உறுதி செய்தது. அந்தப் பெரியவரைத் தேடிப் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை.

அன்று கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது என் கடன்: ரேஷனை நிறுத்தச் சொல்லி எந்த உத்தரவும் என்னிடம் இல்லை. அது நானே சொன்ன பொய்.