ஒரே பேர், வேற வேற ஆள்

பெஹாலா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எங்க தெருவில் எனக்கு இன்னும் "மதராசி"தான் பேர். எதிர் ஃப்ளாட் கேரளாக்காரரும் மதராசி, கீழ்வீட்டு நெல்லூர்க்காரரும் மதராசி. உள்ளுக்குள் எரிச்சல் வரும். அதே தப்பை நானே ஒரு கிருமி விஷயத்தில் செய்தேன் என்பதுதான் வேடிக்கை.

நான் ஆய்வுக்கூடத்தில் கிருமி பார்க்கிறவன். பின்தெரு தாதா ஒருவர் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து ரோகு, கட்லா வளர்க்கிறார். போன வருஷம் மழை முடிந்ததும் மீன்களில் சிவப்புப் புண். "88ல வந்த அதே நோயா?" என்று பயந்தார். 1988ல் வங்காளத்துக் குளங்களை அழித்த புண்நோய்க்கு மூலம் அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்ற நீர்ப்பூசணம். இது வேறு. வளர்த்துப் பார்த்ததில் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா. எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்துச் சொன்னேன், சரியாயிற்று.

இந்த வருஷமும் புண். அதே பேர். "அதே மருந்துதான் தாதா" என்றேன். மருந்துச் சோதனை செய்யவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கரையோரமெல்லாம் வெள்ளை வயிறு.

போன வருஷக் கிருமியை உறைபெட்டியில் வைத்திருந்தேன். இரண்டையும் ரத்த அகார் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தேன். பழையதைச் சுற்றி மெல்லிய வளையம். புதியதைச் சுற்றி ரத்த அணுக்கள் கரைந்து பெரிய வெட்டவெளி. பழைய மருந்தைப் புதியது சட்டையே பண்ணவில்லை.

இந்த இனம் அப்படித்தான். தண்ணீரில் கூட வாழும் கிருமிகளிடமிருந்து மரபணுக்களை வாங்கிக்கொள்ளும். 2009ல் அமெரிக்காவின் அலபாமா கெளுத்திப் பண்ணைகளில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அங்கேயும் பேர் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாதான். மரபணுவைப் படித்தால், சீனாவில் கெண்டை மீனில் எடுத்த கிருமிக்கு நெருங்கின சொந்தம். மையோ-இனோசிட்டால் என்ற பொருளை மட்டுமே தின்று வளரும் திறமையும் அதற்கு உண்டு. பெரும்பாலான ஏரோமோனாஸுக்கு அது கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி செய்வது கஷ்டமாக இருப்பதும் இந்த வித்தியாசங்களால்தான்.

தாதாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். நஷ்டத்தில் பாதி தருகிறேன் என்றேன். வாங்கவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டே டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் சோதிக்காமல் வாய் திறப்பதில்லை. தாதாவும் விடுவதில்லை. போன வாரம் ஒரு மீனைப் பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்.

"பேர் வேணாம் மதராசி பாபு. இது எந்த ஊர் ஏரோமோனாஸ், அதை முதல்ல சொல்லு."