குப்பத்தில் ஒரு பாடம்

அடையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தின் தென்பால் ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. மாணவர்களே, அப்பெயரை நோக்குங்கள். ஊரூர் என்பது தமிழ். ஒல்காட் என்பது அமெரிக்கர் ஒருவரின் பெயர். கர்னல் ஒல்காட் 1882இல் பிரம்மஞான சபையின் தலைமையிடத்தை அடையாற்றில் அமைத்தார்; 1886இல் அங்கே ஒரு நூலகம் கண்டார்; 1894இல் ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி நிறுவினார். வந்தவர் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்வது இவ்வூரின் இயல்பு போலும்!

அயல்நாட்டு மாணவர் சென்னையை நாடி வருவது எதனால்? அகன்ற தெருக்களும் உயர்ந்த மாடங்களும் அவர் நாட்டில் இல்லாதனவா? இக்குப்பத்தை நடுவாகக் கொண்டு சுற்றி வந்தால் விடை புலப்படும். அருகே, ஓலைச்சுவடிகளைக் காத்துவரும் ஒல்காட்டின் நூலகம். தெற்கே திருவான்மியூரில், ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம். மேற்கே கிண்டிக் காட்டில், மேற்கு ஜெர்மனியின் துணையோடு 1959இல் எழுந்த தொழில்நுட்பக் கழகம். சுவடியும் ஆடலும் பொறியியலும் சில கல் தொலைவுக்குள் அடங்கிய இடங்கள் உலகில் மிகப் பல அல்ல. இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்ததும் இவ்வடையாற்றுக்கே. அது போர்க்காலம். அம்மையார் 1946வரை இந்தியாவிலேயே தங்கினார்.

ஆயினும் கல்விக்கூடங்களுக்கு மதில்கள் உண்டு. ஆங்கிலம் ஒன்றையே துணையாகக் கொண்டு மதிலுக்குள்ளேயே படித்து முடித்து, நகரத்தைக் காணாமல் திரும்புவாரும் உளர். அது நாட்டியம் பார்க்க வந்தவர் திரைச்சீலையைப் பார்த்துச் செல்வது போன்றது.

ஆடல் பயில வந்த ஜப்பானிய நங்கை ஒருத்தி என்னிடம் தமிழ் கற்றாள். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்னும் நாற்றிசைக் காற்றின் பெயர்களும் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் விடியலில் அவளைக் குப்பத்துக்கு அழைத்துச் சென்றேன். படகுகள் கரையேறிக் கிடந்தன. வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவரிடம் காரணம் வினவினாள்.

"கச்சான் கெட்டியா அடிக்குது, பாப்பா. போனா கரை திரும்புறது கஷ்டம்" என்றார் அவர்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நம் நூல்கள் கோடை என்னும் மேல்காற்றே இவர்கள் வாயில் கச்சான்" என்றேன். "வாடையை வாடைன்னுதான் சொல்றோம், ஐயா" என்று முதியவர் நகைத்தார். அதன்பின் அவ்விருவருக்கும் நான் தேவைப்படவில்லை. எந்தக் காற்றில் எந்த மீன் கரையை அணுகும், எதில் நீர் கலங்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் தன் ஏட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். 2015இல் இக்குப்பத்துத் தெருவில் கருநாடக இசை விழா நிகழ்ந்தபோது நகரத்தார் பலர் முதன்முறையாக இங்கு வந்தனர்; அயல்நாட்டுப் பெண்ணோ காற்றின் பெயரைத் தேடி வந்தாள்.

கச்சான் அகராதியில் உண்டா என்று அன்று மாலை கேட்டாள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை எடுத்துக் கொடுத்தேன்; சொல் இருந்தது. மறுவாரம் மீண்டும் குப்பத்துக்குப் போனாள். இம்முறை என்னை உடன் அழைக்கவில்லை.