மலேரியா தடுப்பூசியும் கோவில்பட்டி தீப்பெட்டியும்

ஒரு தீப்பெட்டி எத்தனை கை மாறி நம் வீட்டு அடுப்படிக்கு வருகிறது என்று எப்போதாவது யோசித்தது உண்டா? கோவில்பட்டி, பசுவந்தனை பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "தீப்பெட்டி ஆபீஸ்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மரம் கேரளாவில் இருந்து வரும். குச்சி வெட்டுவது ஒரு இடம். எல்லாம் கை வேலையாக நடந்த காலத்தில் குச்சி அடுக்குவது ஒரு வீடு, பெட்டி ஒட்டுவது இன்னொரு வீடு, மருந்து முக்குவது ஆபீஸில், பண்டல் கட்டுவது வேறு ஆள். குச்சி மலைபோல் குவிந்து கிடந்தாலும் பெட்டி வரவில்லை என்றால் சரக்கு லாரி ஏறாது.

மலேரியா தடுப்பூசி பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்தத் தீப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. காரணம் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ல் மட்டும் மலேரியாவால் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். இதில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது கூட நிரம்பாத குழந்தைகள். இந்த நோய்க்கு எதிரான முதல் தடுப்பூசியின் பெயர் ஆர்.டி.எஸ்.,எஸ். வாயில் நுழையாத பெயர்தான். கிளாக்சோ ஸ்மித்கிளைன் கம்பெனி 1987ல் இதற்கான வேலையைத் தொடங்கியது. 2009 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் ஏறக்குறைய 15 ஆயிரம் குழந்தைகளிடம் பெரிய சோதனை நடந்தது. 2015 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமான கருத்து சொல்லிவிட்டது.

சரி, 2016ல் ஊசி போட ஆரம்பித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. மலாவி நாட்டில் முதல் குழந்தைக்குப் போட்டது 2019 ஏப்ரலில். அதுவும் முன்னோட்டமாகத்தான். முன்னோட்டத்தைத் தாண்டிப் பரவலாகப் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021 அக்டோபர் 6. முன்னோட்டம் நடந்த மூன்று நாடுகளைத் தாண்டி வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்த்த முதல் நாடு கேமரூன். தேதி 2024 ஜனவரி 22.

2015க்கும் 2024க்கும் நடுவே என்னதான் நடந்தது?

ஒரு பகுதி, நியாயமான எச்சரிக்கை. பெரிய சோதனையில் மூளைக்காய்ச்சல் தொடர்பான சில சந்தேகங்கள் எழுந்தன. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போடப் போகிற ஊசி அல்லவா! அதைத் தீர்த்துக்கொள்ளாமல் போக முடியாது. ஆனால் இன்னொரு பகுதி, கைகள் ஒன்றுசேர எடுத்துக்கொண்ட காலம். யார் யார் அந்தக் கைகள் என்று பாருங்கள். ஊசி தயாரிப்பது ஒரு கம்பெனி. பரிந்துரைப்பது உலக சுகாதார நிறுவனம். முன்னோட்டத்துக்குப் பணம் தரவேண்டியது காவி, குளோபல் ஃபண்ட், யுனிட்எய்ட் என்று மூன்று அமைப்புகள். வேலையில் கூடவே நின்றது பாத் என்ற தொண்டு நிறுவனம். பின்னாளில் மொத்தமாக வாங்கி அனுப்பியது யுனிசெஃப். அனுமதி தரவேண்டியது அந்தந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போக வேண்டியது அந்த ஊர் நர்ஸ்.

இவர்களில் யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. அதுதான் சிக்கலே. பரிந்துரை வரட்டும், பணம் தருகிறோம் என்பார் ஒருவர். பணம் உறுதியானால்தான் அதிகமாகத் தயாரிப்போம் என்பார் இன்னொருவர். சரக்கு எப்போது வரும் என்று தெரிந்தால்தான் நர்ஸ்களுக்குப் பயிற்சி என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவர் சொல்வதும் தனித்தனியாகக் கேட்டால் சரியாகத்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் வேலை நகராது.

இதில் நர்ஸின் சங்கடம் தனி. குழந்தைகளுக்கு வழக்கமான ஊசி 6, 10, 14 வாரங்களில் முடிந்து, அடுத்தது 9ஆம் மாதம். மலேரியா ஊசிக்கு மலாவியில் 5, 6, 7ஆம் மாதங்களிலும் பிறகு 22ஆம் மாதத்திலும் வரவேண்டும். அதாவது, இதுவரை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாத மாதங்களில் தாய்மார்களை வரவழைக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல மைல் நடந்து வருகிற ஒரு அம்மாவிடம் "அடுத்த மாதமும் வாம்மா, அதற்கடுத்த மாதமும் வாம்மா" என்று சொல்லிப் புரியவைப்பது சாதாரண வேலையா? ஜெனிவாவில் போடுகிற எந்தக் கையெழுத்தும் இந்த இடத்தில் தானாக வேலை செய்யாது.

ஆனாலும் செய்து காட்டினார்கள். மலாவி, கானா, கென்யா மூன்றிலும் சேர்த்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போய்ச் சேர்ந்தது. ஊசி போடும் வயதுக் குழந்தைகளின் மொத்த இறப்பே 13 சதவீதம் குறைந்தது. பழைய சந்தேகங்களும் தீர்ந்தன. பிறகு வந்தது அடுத்த தட்டுப்பாடு. 2023 முதல் 2025 வரை 12 நாடுகளுக்குப் பங்கு போடக் கிடைத்தது வெறும் 1 கோடியே 80 லட்சம் டோஸ். கேட்டவர்களோ பல மடங்கு.

இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆர்-21 என்ற இரண்டாவது தடுப்பூசியைத் தயாரிப்பது புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட். ஆண்டுக்கு 10 கோடி டோஸ் தயாரிக்க முடியும் என்று சொன்னார்கள். 2023 அக்டோபர் 2ல் பரிந்துரை வந்தது. 2024 ஜூலை 15ல் ஐவரி கோஸ்ட்டில் ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். பத்தே மாதம்கூட முழுதாக ஆகவில்லை!

முதல் ஊசிக்கு ஐரோப்பிய முகமையின் சம்மதத்தில் இருந்து முன்னோட்டம் தொடங்கவே நாலு வருஷம் பிடித்தது. இரண்டாவது ஊசிக்கு மட்டும் எப்படி இந்த வேகம்? அது முன்னதைவிடப் பெரிய அதிசய ஊசி என்பதால் இல்லை. முதல் ஊசி காட்டுப்பாதையை வெட்டி ரோடு போட்டிருந்தது. பணம் தரும் முறை, வாங்கும் முறை, நர்ஸ் பயிற்சி, தாய்மார்களிடம் பேசும் விதம் எல்லாமே தயார். கூடவே, கையெழுத்துகள் எல்லாம் முடியும்வரை காத்திருக்காமல் சீரம் கம்பெனி முன்கூட்டியே சரக்கைத் தயாரித்து வைத்தது. ஒருவர் முடித்தபின் அடுத்தவர் என்று வரிசையில் நிற்காமல் பலர் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். 2025 முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் மலேரியா ஊசி வழக்கமான திட்டத்துக்குள் வந்துவிட்டது.

ஒடிசாவிலும் இதே பாடம்தான். அங்கே ஊசி கிடையாது. மருந்து தோய்த்த கொசுவலை, கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் ரத்தப் பரிசோதனை, கூட்டு மருந்து மாத்திரை இவைதான். 2017ல் 'டமன்' என்ற திட்டத்தில் மலைக்கிராமங்களில் முகாம் போட்டு, காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் ரத்தம் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அதே ஆண்டு ஒரு கோடிக்கும் மேல் வலைகள் போயின. எல்லாவற்றையும் இணைத்த கை, அந்தந்த ஊர் ஆஷா பெண். 2016ல் நாலு லட்சத்துக்கும் மேல் இருந்த மலேரியா 2019ல் 40 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் 2023ல் மறுபடியும் ஏறியது. ஒருமுறை கோர்த்த கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதெல்லாம் எங்கோ நடப்பது, கரிசல் காட்டுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் பக்கம் தண்ணீர் என்றாலே சேர்த்துவைக்கிற பொருள். குடம், டிரம், சிமெண்ட் தொட்டி, மாடியில் சின்டெக்ஸ். இந்தச் சுத்தமான தண்ணீரில் முட்டையிடுகிற மலேரியா கொசு ஒன்று உண்டு. பெயர் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி. சென்னை, தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற ஊர்களில் மலேரியா நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருக்க இதுதான் காரணம். நம் பக்கத்துக் கொசுவான இது 2012ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தட்டுப்பட்டது. அந்த ஆண்டு 27 பேருக்கு மலேரியா வந்த நாட்டில் 2020ல் 73 ஆயிரம் பேருக்கு மேல் வந்தது. எத்தியோப்பியாவுக்கும் பரவியது. ஆப்பிரிக்காவின் பழைய கொசு மழைக்குட்டையில் பெருகும், கோடையில் அடங்கும். இது தொட்டித் தண்ணீரில் கோடையிலும் பெருகும். நாம் வலைக்குள் படுக்கப் போவதற்கு முன்பே, சாயங்காலமே கடிக்க ஆரம்பிக்கும். வலை மட்டும் போதாது.

இந்தக் கொசுவோடு மல்லுக்கட்டிய அனுபவம் தமிழ்நாட்டுக்கு நிறைய உண்டு. தொட்டிக்கு மூடி, கிணற்றில் கம்பூசியா மீன், வீடு வீடாக வந்து தண்ணீரில் மருந்து ஊற்றும் பணியாளர்... எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் இதற்கும் பல கை வேண்டும். குழாயில் தண்ணீர் என்று வரும் என்று தெரியாத வீட்டில் "தண்ணீர் சேர்த்து வைக்காதே" என்று சுகாதாரத்துறை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. குடிநீர் வாரியமும் அந்தப் பேச்சில் உட்கார வேண்டும். பஞ்சாயத்தும் உட்கார வேண்டும். டிரம்முக்குச் சொந்தக்காரரான அக்காவையும் கேட்க வேண்டும்.

2025ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதும் பல நாடுகளின் மலேரியா வேலை ஆட்டம் கண்டது. ஊசியின் சக்தி ஒரு துளியும் குறையவில்லை. அதைக் கொண்டுபோகிற கைகளில் ஒரு பெரிய கை விலகியது, அவ்வளவுதான். விஞ்ஞானிக்குக் கொடுக்கிற கைதட்டலில் கொஞ்சத்தை, இந்தக் கைகளை ஒரே மேஜைக்கு இழுத்து வந்து உட்கார வைக்கிறவர்களுக்கும் கொடுப்போம். அவர்கள் இல்லாமல் கழிந்த ஒவ்வொரு வருஷத்திலும் செத்துப்போனவர்கள் குழந்தைகள்.